கணபதியில் ஒரு எஸ்.பி.எம். கம்பெனி: எந்த டிசைன் சாஃப்ட்வேர் வாங்கலாம்?

கேள்வி இதுதான். கோவை கணபதியில் பதினெட்டு பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி. பம்ப் அசெம்பிளி லைனுக்கான எஸ்.பி.எம். (ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே செய்யும் ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின்), டெஸ்ட் பெஞ்ச், வெல்டிங் ஃபிக்ஸ்சர் (பார்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு), கூடவே கொஞ்சம் ஷீட் மெட்டல் கேபினெட் என்று செய்கிறார்கள். டிசைன் ரூமில் மூன்று பேர். இன்றுவரை எல்லாமே ஆட்டோகேடில் டூடி. இப்போது ஒரு கஸ்டமர் ஸ்டெப் ஃபைல் (எந்த த்ரீடி சாஃப்ட்வேரிலும் திறக்கும் பொதுவான மாடல் ஃபைல்) இல்லாமல் அப்ரூவல் தர மாட்டேன் என்கிறார். இன்னொருவர் ஆர்டர் போடும் முன்பே த்ரீடி லேஅவுட் காட்டச் சொல்கிறார். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், இன்வென்டர், ஃபியூஷன், ஃப்ரீகேட் ஆகியவற்றில் எதை வாங்குவது, மூன்று பேருக்கும் வாங்க வேண்டுமா என்று உரிமையாளர் கேட்கிறார்.

முதலில் பதில். சாலிட்வொர்க்ஸ் அல்லது சாலிட் எட்ஜ், இரண்டில் ஒன்று, இரண்டு சீட், அதாவது இரண்டு பேருக்கான லைசென்ஸ். மூன்றாமவருக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், இருக்கிற ஆட்டோகேடே ஓடட்டும். இரண்டில் எது என்பதை, உங்கள் பழைய ஜாப் ஒன்றைக் கையில் கொடுத்து இரு டீலர்களிடமும் டெமோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் வேலையில் ஒன்றிரண்டு விஷயம் மாறினால் இந்தப் பதிலும் மாறும், அதனால் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

சாஃப்ட்வேர் பட்டியலை எடுக்கும் முன், உங்கள் டிசைன் ரூமிலிருந்து தினமும் என்ன வெளியே போகிறது என்று பாருங்கள். மெஷின் ஷாப்புக்கு டிராயிங் போகிறது. லேசர் கட்டிங் கடைக்கு, வெட்ட வேண்டிய கோடுகள் உள்ள டி.எக்ஸ்.எஃப். ஃபைல் போகிறது. பர்ச்சேஸுக்கு ஐட்டம் லிஸ்ட் போகிறது. கஸ்டமருக்கு லேஅவுட்டும், இனிமேல் ஸ்டெப் ஃபைலும் போகும். ஒரு எஸ்.பி.எம். என்றால் சில நூறு பார்ட், பெரிதாக இருந்தால் ஆயிரத்தையும் தாண்டும். அதில் பெரும்பகுதி போல்ட், சிலிண்டர், எல்.எம். கைடு (நேர்கோட்டில் நகர வைக்கும் ரெயில்), கியர் மோட்டார் என்று வெளியே வாங்குவதுதான். ஃபெஸ்டோ, எஸ்.எம்.சி. போன்ற கம்பெனிகள் தங்கள் சிலிண்டர்களுக்கு த்ரீடி மாடலை இலவசமாகவே தருகின்றன. ஆக, நீங்கள் உட்கார்ந்து வரையப் போவது பிளேட், பிராக்கெட், ஷாஃப்ட், வெல்டட் ஃப்ரேம், மடித்த ஷீட். நெளிவு சுளிவான சர்ஃபேஸ் எதுவும் இதில் கிடையாது.

அதனால் கார், விமானக் கம்பெனிகள் பயன்படுத்தும் கேட்டியா, என்.எக்ஸ். இரண்டையும் தூக்கி ஓரம் வைத்துவிடலாம். விலையும் அதிகம், உங்களுக்கு வேண்டிய வேலைக்கு மிகையும்கூட. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரும் அதைச் சுற்றியுள்ள வால்யூட்டும் நீங்களே வடிவமைப்பதாக இருந்தால் பேச்சே வேறு. அங்கே சர்ஃபேஸ் வேலை எப்படி வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கார் கம்பெனிகளுக்கு டையும் செக்கிங் ஃபிக்ஸ்சரும் செய்பவர் என்றால் அதுவும் வேறு. கஸ்டமர் எந்த சாஃப்ட்வேரின் ஃபைலைக் கேட்கிறாரோ அதுதான் உங்கள் சாஃப்ட்வேர், தேர்வு என்று ஒன்று பெரிதாக இருக்காது. உங்களிடம் கேட்டிருப்பது வெறும் ஸ்டெப். அது ஐ.எஸ்.ஓ. 10303 என்ற பொதுத் தரம். ஃப்ரீகேட் உட்பட எல்லா சாஃப்ட்வேரும் அதைக் கொடுக்கும். ஆக உங்கள் கஸ்டமர் உங்கள் கையைக் கட்டவில்லை.

மிச்சமிருக்கும் நடுத்தர சாஃப்ட்வேர்கள் எல்லாம் மாடலிங்கில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஸ்கெட்ச் போடு, எக்ஸ்ட்ரூட் செய், ஹோல் போடு, அசெம்பிளியில் மேட் கொடு, டிராயிங் எடு. இந்தப் பாணியை 1980களின் கடைசியில் பி.டி.சி. கம்பெனியின் ப்ரோ-இன்ஜினியர் கொண்டு வந்தது. இன்றைய கிரியோ அதன் வாரிசு. 1995இல் சாலிட்வொர்க்ஸ் அதையே விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு, பாதிக்கும் குறைந்த செலவில் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில், கேட்டியாவை விற்கும் டசோ அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. உள்ளே வடிவியல் கணக்கைச் செய்யும் என்ஜினுக்குக் கெர்னல் என்று பெயர். சாலிட்வொர்க்ஸின் கெர்னல் பாராசாலிட். அது யாருடையது என்றால், சீமென்ஸுடையது. சாலிட் எட்ஜை விற்பதும் அதே சீமென்ஸ்தான். போட்டியாளரின் என்ஜினை லைசென்ஸ் எடுத்துத்தான் சாலிட்வொர்க்ஸ் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், ஆன்ஷேப் (பிரவுசரிலேயே ஓடும் சாஃப்ட்வேர்), என்.எக்ஸ். நான்குக்கும் இடையே பாராசாலிட் ஃபைலாக மாடலைக் கொடுத்து வாங்கினால் முகங்கள் பிய்ந்து வருவது, ஓட்டை விழுவது போன்ற தொல்லை அநேகமாக இருக்காது. ஆனால் போவது உருவம் மட்டும்தான். ஃபீச்சர் ட்ரீ, அதாவது மாடலைப் படிப்படியாக எப்படிச் செய்தோம் என்ற பட்டியல், போகாது. டிராயிங்கில் போட்ட டைமென்ஷன், டாலரன்ஸ், ஐட்டம் பலூன் எதுவும் கூடப் போகாது. இன்று ஒரு சாஃப்ட்வேரை எடுத்து ஐந்து வருடம் வேலை பார்த்தால், அந்த ஐந்து வருட டிராயிங்குகளும் அதற்குள்தான் உயிரோடு இருக்கும். வேறொன்றுக்கு மாறும்போது அவை வெறும் பி.டி.எஃப். ஆகிவிடும். சாஃப்ட்வேரின் விலையை டீலர் கொட்டேஷனில் எழுதித் தருவார். உங்களை உண்மையில் கட்டிப்போடுவது இந்த டிராயிங்குகள்தான். அதனால்தான் இலவசம், ஆஃபர் என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் தொடங்காதீர்கள் என்கிறேன்.

வெர்ஷன் விஷயமும் இதோடு சேர்ந்தது. புதிய வெர்ஷனில் சேவ் செய்த ஃபைல் பழைய வெர்ஷனில் திறக்காது. சாலிட்வொர்க்ஸில் 2024 முதல் இரண்டு வெர்ஷன் பின்னால் வரை சேவ் செய்யும் வசதி வந்திருக்கிறது. அதுவும் சந்தா நடப்பில் இருந்தால்தான். வேலை குவியும்போது வெளியே ஃப்ரீலான்ஸ் டிசைனரிடம் கொடுப்பீர்கள் அல்லவா? அவரிடம் என்ன வெர்ஷன் இருக்கிறது என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி டெமோ. டீலர் தன் லேப்டாப்பில் கொண்டுவரும் மாடலைக் காட்டவே விடாதீர்கள். அது அவர் நூறு முறை செய்து பழகியது, எந்த சாஃப்ட்வேரிலும் அழகாகத்தான் இருக்கும். சென்ற வருடம் செய்த ஜாப்களில் உங்களை அதிகம் படுத்தியது எதுவோ, அதைக் கொடுங்கள். ஒரு டெஸ்ட் பெஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். கீழே சதுர டியூபில் வெல்டட் ஃப்ரேம், மேலே இரண்டு மில்லிமீட்டர் சி.ஆர். (கோல்ட் ரோல்ட்) ஷீட்டில் பேனல், நடுவில் ஒரு சிலிண்டரும் கிளாம்ப்பும். அதை உங்கள் ஆபீஸில், உங்கள் டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அங்கே மூன்று இடங்களில் கண் வையுங்கள்.

ஒன்று, ஷீட் மெட்டல். பேனலை விரித்து ஃப்ளாட் பேட்டர்ன் எடுக்கும்போது சாஃப்ட்வேர் கே-ஃபேக்டர் என்ற ஒரு எண்ணை வைத்துத்தான் பெண்டுக்கான நீளத்தைக் கணக்கிடுகிறது. எதையும் மாற்றாமல் விட்டால் அது 0.44, 0.5 என்பது போலச் சாஃப்ட்வேருக்கு ஏற்ப மாறும். உங்களுக்குப் பெண்டிங் செய்து தருபவரின் பிரஸ் பிரேக்குக்கும் டைக்கும் அந்த எண் தெரியாது. எனவே அவரிடமே 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைக் கொடுத்து நடுவில் 90 டிகிரி மடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் வெளிப்புறமாக வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். 103.6 வருகிறது என்றால் ஒரு மடிப்புக்குக் கழிக்க வேண்டியது 3.6. ஷீட் தடிமன் 2, உள் ரேடியஸ் 2 என்றால் கே-ஃபேக்டர் ஏறக்குறைய 0.4 என்று கணக்கு வரும். நீங்கள் 0.5 என்றே விட்டிருந்தால் சாஃப்ட்வேர் கழித்திருப்பது சுமார் 3.3. ஒரு மடிப்புக்கு 0.3 வித்தியாசம், நான்கு மடிப்புள்ள பேனலில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அப்புறம் கதவு மூடாது, ஓட்டை சேராது, லேசர்காரருக்கும் பெண்டிங்காரருக்கும் சண்டை. இந்த எண்ணைத் தடிமன் வாரியாக ஒரு டேபிளில் போட்டு எல்லோரும் அதையே எடுக்கும்படி வைக்க முடிகிறதா என்று டெமோவில் கேளுங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் முடியும். டீலரின் ஆளுக்கு அது தெரிந்திருக்கிறதா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. நாளைக்கு உங்களுக்குச் சப்போர்ட் தரப்போவது அவர்தானே.

இரண்டாவது, டிராயிங். நம் ஊரில், இந்தியத் தர நிறுவனத்தின் டிராயிங் கையேடான எஸ்.பி. 46 சொல்கிறபடி முதல் கோண வீழ்ப்பு, ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான் வழக்கம். அமெரிக்கப் பாணி டெம்ப்ளேட்டோடு திறந்தால், பக்கத் தோற்றங்கள் எதிர்ப்பக்கமாக மாறி வரும் தேர்ட் ஆங்கிளில் நிற்கும். மூலையில் உள்ள கூம்புக் குறியை யாரும் பார்க்காமல் விட்டால், இடது பக்க பிராக்கெட் வலது பக்கத்துக்கு வந்து சேரும். உங்கள் டைட்டில் பிளாக், ஃபர்ஸ்ட் ஆங்கிள், மில்லிமீட்டர், உங்கள் டாலரன்ஸ் குறிப்பு எல்லாம் உள்ள டெம்ப்ளேட்டை டீலரே செய்து தரவேண்டும் என்பதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். வெல்டட் ஃப்ரேமுக்கு ஐ.எஸ். 808 படியான சேனல், ஆங்கிள் அளவுகளையும், நீங்கள் வழக்கமாக வாங்கும் சதுர டியூப் அளவுகளையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உங்கள் டிசைனர் முதல் மாதம் முழுக்க, நம் ஊர் கடையில் கிடைக்காத அளவில் ஃப்ரேம் போட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, ஐட்டம் லிஸ்ட். அசெம்பிளியில் ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு வேறு நீளத்தில் போடச் சொல்லுங்கள். லிஸ்டில் எண்ணிக்கை தானாக மாறுகிறதா, ட்யூபின் வெட்டு நீளம் லிஸ்டில் வருகிறதா, எக்ஸெலுக்குக் கொண்டுபோனால் உங்கள் பர்ச்சேஸ் ஆள் கேட்கும் வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். டூடியிலிருந்து த்ரீடிக்கு மாறுவதில் நேரடியாகப் பணம் மிச்சமாவது இங்கேதான். விட்டுப்போன நான்கு ஆலன் போல்ட்டுக்காக டவுன்ஹால் பக்கம் வண்டியை அனுப்பும் செலவு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

சரி, இனி ஒவ்வொன்றாக.

சாலிட்வொர்க்ஸின் பெரிய பலம் அதன் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ முடித்துவிட்டு வரும் பையனுக்கு ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் ஓரளவாவது தெரிந்திருக்கும். உங்கள் டிசைனர் ஆறு மாதத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டால், அவர் இடத்துக்கு ஆள் பிடிப்பது சுலபம். சிறு கம்பெனிக்கு இது ஆயிரம் ஃபீச்சருக்குச் சமம். ஸ்டாண்டர்டு, புரொஃபஷனல், பிரீமியம் என்று மூன்று நிலையில் வருகிறது. ஷீட் மெட்டலும் வெல்டட் ஃப்ரேம் வேலையும் ஸ்டாண்டர்டிலேயே உண்டு. ரெடிமேட் ஃபாஸ்னர் லைப்ரரியான டூல்பாக்ஸும், ஃபைல்களை நிர்வகிக்கும் பி.டி.எம். ஸ்டாண்டர்டும் புரொஃபஷனலில்தான் தொடங்குகின்றன. டூல்பாக்ஸ் இல்லை என்று கவலைப்படாதீர்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் ஆலன் போல்ட்டுகள், ஐ.எஸ். 2269 படி எம்4 முதல் எம்16 வரை, உங்கள் ஸ்டோர் கோடு எண்ணோடு ஒரு ஃபோல்டரில் செய்து வைத்துக்கொண்டால் அதுவே மேல். டூல்பாக்ஸில் உலகத்தில் உள்ள எல்லா போல்ட்டும் இருக்கும், அதுதான் அதில் சிக்கலே. ஸ்டோரில் இல்லாத நீளமெல்லாம் டிராயிங்கில் ஏறிவிடும். பிரீமியத்தில் வரும் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் உங்களுக்கு இப்போது தேவைப்படாது. வருடத்துக்கு ஓரிரு முறை தேவைப்பட்டால் வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

சாலிட் எட்ஜை நம் ஊரில் குறைவாகவே பேசுகிறார்கள், ஆனால் ஃபிக்ஸ்சர் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய சாஃப்ட்வேர் அது. 2008இல் வந்த சிங்க்ரனஸ் டெக்னாலஜிதான் காரணம். கஸ்டமர் தன் பம்ப் கேஸிங்கை ஸ்டெப் ஃபைலாக அனுப்புகிறார். அதில் ஃபீச்சர் ட்ரீ கிடையாது, வெறும் கட்டி. நீங்கள் ஃபிக்ஸ்சர் போட்டு முடிக்கும் நேரத்தில், "ஃபிளாஞ்சை அஞ்சு மில்லிமீட்டர் தள்ளிட்டோம்" என்று போன் வரும். சிங்க்ரனஸில் அந்த முகத்தைப் பிடித்து இழுத்து எண்ணை அடித்தால் போதும், ஓட்டைகளும் கூடவே நகரும். மற்றவற்றிலும் இப்படி முகத்தை நகர்த்தும் கட்டளை உண்டு. ஆனால் சாலிட் எட்ஜில் அதுவே வேலை செய்யும் முறை. குறை என்னவென்றால் தெரிந்த ஆள் கிடைப்பது கடினம். வேலைக்கு வருபவருக்கு நீங்களே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் இரண்டு டிசைனர்களும் பல வருடமாக உங்களோடு இருப்பவர்கள், எங்கும் போகப்போவதில்லை என்றால் இந்தக் குறை பாதி கரைந்துவிடும். வருடத்தில் பாதிக்கு மேல் ஃபிக்ஸ்சர் வேலை என்றால் நான் சாலிட் எட்ஜ் பக்கம்தான் சாய்வேன். எஸ்.பி.எம். அதிகம், ஆள் மாற்றமும் அதிகம் என்றால் சாலிட்வொர்க்ஸ்.

இன்வென்டர் மோசமான சாஃப்ட்வேர் கிடையாது. ஆட்டோகேட் பழகிய கைக்கு இதமாக இருக்கும், ஆட்டோகேடோடு சேர்த்து ஒரே தொகுப்பாகவும் கிடைக்கிறது. ஒரே கேபினெட்டைப் பதினைந்து அளவில் செய்பவர்களுக்கு அதன் ஐலாஜிக் விதி எழுதும் வசதி பெரிய வரம். நான் தயங்குவது லைசென்ஸில். ஆட்டோடெஸ்க் 2016இல் நிரந்தர லைசென்ஸ் விற்பதையே நிறுத்திவிட்டது. பிறகு நெட்வொர்க் லைசென்ஸையும் படிப்படியாக எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு சந்தா என்று மாற்றிவிட்டது. பகல் ஷிஃப்டில் ஒருவர், மாலையில் இன்னொருவர் என்று ஒரே சீட்டைப் பகிர முடியாது. ஆர்டர் குறைந்த வருடத்திலும் சந்தா கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் உங்கள் டிராயிங்கையே உங்களால் திருத்த முடியாது. ஏற்ற இறக்கம் உள்ள தொழிலில் இருப்பவருக்கு அது உறுத்தும்.

ஃபியூஷனை ஒரு ஆள், ஒரு வி.எம்.சி. (சி.என்.சி. மில்லிங் மெஷின்) என்று நடத்துபவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மாடலும் சி.என்.சி. ப்ரோகிராமும் ஒரே இடத்தில், சந்தாவும் ஒப்பீட்டளவில் குறைவு. உங்கள் அளவு அசெம்பிளிக்கும், நாளுக்குப் பத்துப் பதினைந்து டிராயிங் போகிற ஆபீஸுக்கும் அது இன்னும் பத்தாது என்பது என் அபிப்பிராயம். ஃபைல் எல்லாம் அவர்கள் கிளவுடில் இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இலவச பெர்சனல் லைசென்ஸ் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது வீட்டில் பொழுதுபோக்குக்கு. கம்பெனி வேலைக்குச் செல்லாது. ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கும் அதே கதை, ஒரு படி மேலேயே. அதில் நீங்கள் வரைவது உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். கஸ்டமரின் பம்ப் கேஸிங்கை அங்கே ஏற்றினால், அடுத்த ஆர்டரை மறந்துவிடலாம்.

கிரியோ நல்ல சாஃப்ட்வேர், ஆனால் உங்கள் கஸ்டமர் யாரும் கேட்காதபோது அதை எடுக்கக் காரணம் இல்லை.

ஃப்ரீகேடைப் பற்றிக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். 2024 நவம்பரில் 1.0 வெர்ஷன் வந்தது. அதுவரை ஒரு பெரிய தலைவலி இருந்தது: ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டை மாற்றினால், பின்னால் போட்ட ஹோலும் ஃபில்லட்டும் எந்த முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பதே மறந்து, மாடல் குலைந்துவிடும். அதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள், அசெம்பிளி வசதியையும் உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தொழிலுக்குப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் ஆயிரம் பார்ட் எஸ்.பி.எம்.மை அதில் நிர்வகிக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. டிராயிங் பகுதியும் வேகமாக வேலை செய்யும் அளவுக்கு வரவில்லை. உங்கள் மூன்றாமவர் கம்ப்யூட்டரிலும், ப்ரொடக்‌ஷன் சூப்பர்வைசர் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொடுங்கள். கஸ்டமர் அனுப்பும் ஸ்டெப்பைத் திறந்து அளவு பார்க்க, சின்ன டம்மி பார்ட் போட அது தாராளம். சாலிட்வொர்க்ஸ் எடுத்தால் ஷாப் ஃப்ளோரில் மாடலைத் திருப்பிப் பார்க்க இ-டிராயிங்ஸ் வியூவரும் இலவசம்தான்.

ஆட்டோகேட் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் இருப்பது பில்லோடு வாங்கிய பழைய நிரந்தர லைசென்ஸ் என்றால் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்; மிகப் பழைய வெர்ஷன்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்வது சிக்கலாகும். இல்லை என்றால் பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் மாதிரி ஒன்றை எடுங்கள். ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. ஃபைலை அப்படியே திறக்கும், கட்டளைகளும் அதேதான், நிரந்தர லைசென்ஸாகவும் கிடைக்கும். நியூமேட்டிக் சர்க்யூட், ஃப்ளோர் லேஅவுட், பழைய டிராயிங்கில் ஒரு சின்ன ரிவிஷன் ஆகியவற்றுக்கெல்லாம் டூடியே வேகம்.

"ஆட்டோகேடும் க்ராக், புதுசும் க்ராக் போட்டுக்கலாமே" என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 1957ஆம் வருட பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். இன்றைய சாஃப்ட்வேர்கள் இன்டர்நெட் வந்ததும் தங்கள் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிவிடுகின்றன. பிறகு வருகிற வக்கீல் நோட்டீஸில் கேட்கும் தொகை, முறையாக வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிட அதிகமாக இருக்கும். ஸ்டூடன்ட் வெர்ஷனும் வேண்டாம். சாலிட்வொர்க்ஸ் ஸ்டூடன்ட் வெர்ஷனில் எடுக்கும் டிராயிங்கில், கற்பித்தலுக்கு மட்டும் என்று அச்சாகிவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் தன் லேப்டாப்பில் வீட்டு வேலையாகச் செய்து கொண்டுவந்த ஒரு பார்ட்டே போதும், அது கஸ்டமர் கண்ணில் படும்.

இனி பணம். நிரந்தர லைசென்ஸா, வருடச் சந்தாவா என்பதை ஐந்து வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு உதாரணத்துக்கு, நிரந்தர லைசென்ஸ் 100 ரூபாய், இரண்டாம் வருடம் முதல் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்புக் கட்டணம்) 20 ரூபாய் என்றால் ஐந்து வருடத்தில் 180. சந்தா வருடத்துக்கு 35 என்றால் 175. ஐந்தாம் வருட முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்கப்புறம் சந்தாக்காரருக்குத்தான் அதிகம் போகும். நிரந்தர லைசென்ஸில் ஏ.எம்.சி.யை நிறுத்திவிட்டாலும் கையில் உள்ள வெர்ஷன் ஓடிக்கொண்டே இருக்கும். மந்தமான வருடத்தில் அது பெரிய ஆறுதல். ஆனால் நிறுத்திவிட்டுத் திரும்பச் சேரும்போது விடுபட்ட காலத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கம்பெனிகளும் மெதுவாகச் சந்தா பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன. இன்று நிரந்தரம் என்று விற்பது நாளைக்கும் கிடைக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் கொட்டேஷனில் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: லைசென்ஸ் நிரந்தரமா, சந்தாவா, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாமா, இரண்டாம், மூன்றாம் வருட ஏ.எம்.சி. எவ்வளவு; கிளவுட் கணக்கு கட்டாயமா; ட்ரெயினிங் எத்தனை நாள், யார் வந்து எடுப்பார்.

18 சதவீத ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். நிரந்தர லைசென்ஸை மூலதனமாகக் காட்டினால் 40 சதவீதத் தேய்மானம், சந்தா என்றால் அந்த வருடச் செலவு. எது உங்களுக்கு லாபம் என்று ஆடிட்டர் சொல்வார். விலையைப் பொறுத்தவரை டீலர் முதலில் சொல்வது கடைசி விலை கிடையாது, குறிப்பாக மார்ச்சிலும் டிசம்பரிலும். சாலிட்வொர்க்ஸ் கொட்டேஷனைச் சாலிட் எட்ஜ் டீலருக்கும், அவருடையதை இவருக்கும் காட்டுவதில் தப்பே இல்லை. தள்ளுபடியைக் கடைசி ரூபாய் வரை கறப்பதைவிட, அந்தத் தொகைக்கு டெம்ப்ளேட் வேலையும் கூடுதல் ட்ரெயினிங்கும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

கம்ப்யூட்டருக்குச் சுருக்கமாக: மாடலிங் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது, எனவே பதினாறு கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். 32 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி., சாஃப்ட்வேர் கம்பெனியின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள ஒரு சிறிய ப்ரொஃபஷனல் கிராபிக்ஸ் கார்டு. கேமிங் கார்டுக்குக் கொட்ட வேண்டாம்.

ஃபைல் ஒழுங்கு பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். டூடியில் ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் ஒன்றும் ஆகாது. இங்கே ஒரு பார்ட்டின் பெயரை விண்டோஸ் ஃபோல்டரில் மாற்றினால், அதைப் பயன்படுத்தும் அசெம்பிளியும் டிராயிங்கும் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். பெயர் மாற்றம் எப்போதும் சாஃப்ட்வேருக்குள்ளிருந்துதான். ஜாப் எண், பார்ட் எண் என்று முறையாக ஃபைல் பெயர் வையுங்கள். "பிராக்கெட் ஃபைனல் புதுசு 2" என்ற பெயரை அடியோடு ஒழியுங்கள். பொது ஸ்டாண்டர்டு பார்ட்டுகளுக்கு, யாரும் திருத்த முடியாதபடி பூட்டிய தனி ஃபோல்டர். தினமும் இரவு வேறொரு டிஸ்க்கில் பேக்கப். இரண்டு சீட்டுக்கு இவ்வளவு போதும், பி.டி.எம். எல்லாம் நான்காவது சீட் வாங்கும்போது யோசிக்கலாம்.

மாறும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் வேகம் குறையத்தான் செய்யும். டெலிவரி நெருக்கடி இல்லாத ஒரு ஜாப்பை எடுத்து முழுக்க த்ரீடியில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பழையபடி ஆட்டோகேடில் போகட்டும். இரண்டு பேரில் ஒருவரையாவது முழு ட்ரெயினிங்குக்கும் விடுங்கள். நடுவில் "ஒரு அவசர டிராயிங்" என்று கூப்பிடாதீர்கள்.

பழைய ஆட்டோகேட் டிராயிங்குகளை எல்லாம் த்ரீடியாக மாற்றித் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். வேண்டாம். அவற்றில் பாதி ஜாப் திரும்பி வரவே வராது. திரும்ப ஆர்டர் வருகிற இயந்திரத்தை மட்டும், அந்த ஆர்டர் வரும்போது, அந்த டிசைனரே மாடல் செய்யட்டும். ஷாப் ஃப்ளோரில் டிராயிங் மேல் பேனாவால் திருத்திய அளவுகள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவற்றையும் சேர்த்து மாடலில் ஏற்றிவிட்டு, பழைய டி.டபிள்யூ.ஜி. ஃபைலை ரீட்-ஒன்லி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள்.